மூச்சு எங்கே குறைகிறது, வேகம் எங்கே கூடுகிறது – வாசகர் கேள்வி-பதில்

ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த விளையாட்டுக் கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். எல்லாமே ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: ஆக்சிஜன் குறைந்த காற்றில் வேக ஓட்டம் பழகினால் ஆட்டம் கூடுமா?

“மலைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தா ஸ்டாமினா ஏறும்னு தெரியும். இப்ப ஆக்சிஜனைக் குறைச்சு ஸ்பிரின்ட் ஓட வைக்கிறாங்களாமே! பத்து விநாடி ஓட்டத்துக்கு ஆக்சிஜனே வேண்டாம்னுதானே பி.பி.எட்.ல படிச்சோம்? அப்புறம் அதைக் குறைச்சா என்ன, கூட்டினா என்ன?”
— உடற்கல்வி ஆசிரியர், மண்டபம்

நீங்கள் படித்தது சரிதான். ஒரே ஒரு 10 விநாடி ஓட்டம் என்றால், தசைக்குள் இருப்பாக உள்ள கிரியேட்டின் பாஸ்பேட் என்ற ஆற்றல் சரக்கும் சர்க்கரையைச் சட்டென்று உடைத்துக் கிடைக்கும் ஆற்றலும் பெரும்பாலும் போதும். ஆனால் செலவான அந்தச் சரக்கைத் திரும்ப நிரப்ப ஆக்சிஜன் வேண்டும். அந்த வேலை நடப்பது ஓடும்போது அல்ல, இரண்டு ஓட்டத்துக்கு நடுவில். ஏறக்குறைய அரை நிமிடத்தில் பாதி நிரம்பும். முழுக்க நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். அதனால் ஆக்சிஜன் குறைவு ஓட்டத்தைக் கடிக்காது, ஓய்வைக் கடிக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

2013-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் ஆய்வாளர்கள் சைக்கிள் வீரர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். 10 விநாடி முழு வேகம், 20 விநாடி ஓய்வு. இப்படி ஐந்து ஓட்டம் ஒரு செட், ஒரு நாளைக்கு மூன்று செட். நான்கு வாரத்தில் எட்டு நாள். ஒரு பிரிவுக்குச் சாதாரணக் காற்று, இன்னொன்றுக்கு 14.6 சதவீத ஆக்சிஜன், அதாவது சுமார் 3000 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் அளவு. நம் கடற்கரைக் காற்றில் இருப்பது 20.9 சதவீதம். பயிற்சி முடிந்ததும், கால் ஓயும் வரை இதே 10-20 கணக்கில் எத்தனை ஸ்பிரின்ட் அடிக்க முடிகிறது என்று எண்ணினார்கள். குறைந்த ஆக்சிஜனில் பழகியவர்கள் சுமார் 9-லிருந்து 13-க்குப் போனார்கள். மற்றவர்கள் 9-லேயே நின்றார்கள். கவனியுங்கள், ஒற்றை ஸ்பிரின்டின் உச்ச வேகத்தில் இரு பிரிவும் ஒரே மாதிரிதான் முன்னேறின. கூடியது வேகம் அல்ல. வேகத்தைத் திரும்பத் திரும்பக் கொடுக்கும் திறன்.

காரணம் இது. ஆக்சிஜன் பற்றாத நேரத்தில் தசையின் ரத்தக் குழாய்கள் கூடுதலாக விரிந்து கொடுக்கின்றன. முழு வேகத்தில் ஓடும்போது வேலை செய்வது வேகமாகச் சுருங்கும் தசை இழைகள். அவற்றுக்கு இயல்பாகவே ரத்த ஓட்டம் சற்றுக் குறைவு. எனவே இந்த விரிவால் அதிகம் பயனடைவதும் அவைதான். அரை வேகத்தில் ஓடினால் அவை எழுந்தே வராது. ‘ஆக்சிஜன் கம்மியா இருக்கு, மெதுவா ஓடுறோம்’ என்றால் பயிற்சி அங்கேயே வீண்.

30 விநாடி ஓட்டம், 4 நிமிட ஓய்வு என்ற பழைய முறையும் உண்டு. 2005-ல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், சாதாரணக் காற்றிலேயே, இரண்டு வாரத்தில் ஆறு நாள் இதைச் செய்தவர்கள் சைக்கிளில் தாங்கும் நேரம் சுமார் 26 நிமிடத்திலிருந்து 51 ஆனது. இதற்கு மேல் ஆக்சிஜனையும் குறைத்தால்? பெல்ஜியத்தின் லூவனில் ஆறு வாரம் செய்து பார்த்தார்கள். சர்க்கரையை உடைக்கும் ஒரு நொதி தசையில் கூடியது. ஆனால் உடல் எடுத்துக்கொள்ளும் உச்ச ஆக்சிஜன் அளவு இரு பிரிவிலும் ஒரே மாதிரிதான் உயர்ந்தது. நான்கு நிமிட ஓய்வில் சரக்கு ஏறக்குறைய நிரம்பிவிடுகிறதே, பிறகு ஆக்சிஜன் குறைவு எங்கே போய்க் கடிக்கும்?

உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் இப்போது வேண்டாம். 16 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சாதாரணக் காற்றில், குறைந்த ஓய்வில், சுத்தமான ஓட்ட முறையோடு ஸ்பிரின்ட் போதும்.

“எங்க கபடி அணிக்கு மெஷின், அறை எதுக்கும் வசதி இல்லை. செகண்ட் ஆஃப்ல ரெய்டர்கள் கால் கனத்துப் போய் நிக்கிறாங்க. கடற்கரையிலேயே ஆக்சிஜன் குறைவை உண்டாக்க வழி இருக்கா?”
— கபடிப் பயிற்சியாளர், தொண்டி

இருக்கிறது, காசில்லாமல். பாடிக்கொண்டே போகும் ஆட்டம் உங்களுடையது என்பதால் மூச்சை விட்டபடி உடம்பை இயக்குவது உங்கள் பையன்களுக்குப் புதிதும் அல்ல. 30 விநாடி ரெய்டு, பிறகு கொஞ்சம் நிற்பது, மறுபடி பாய்வது என்ற கபடியின் தாளமே இந்தப் பயிற்சிக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது.

மூச்சை வெளியே விட்டபிறகு அடக்கிக்கொண்டு குறுந்தூரம் ஓடுவதுதான் முறை. நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினால் நுரையீரலே ஆக்சிஜன் கிட்டங்கி ஆகிவிடும். ஆறு விநாடியில் ரத்தத்தில் ஒன்றும் குறையாது. பாதி வெளியே விட்டு அடக்கினால்தான் குறையும். பிரான்சில் ரக்பி வீரர்கள் நான்கு வாரத்தில் ஏழு நாள், 40 மீட்டர் ஓட்டங்களை இப்படிச் செய்தார்கள். 2018-ல் வந்த அந்த முடிவின்படி, ஓய்ந்துபோகும் வரை ஓடக்கூடிய ஸ்பிரின்டுகள் சுமார் 9-லிருந்து 15 ஆயின. சாதாரணமாக மூச்சுவிட்டு அதே ஓட்டத்தை ஓடியவர்களுக்குப் பெரிய மாற்றம் இல்லை.

செய்முறை. 40 மீட்டர் அளந்து இரு முனையிலும் கூம்பு வையுங்கள். 15–20 நிமிடம் வார்ம்-அப்; அதில் கடைசி மூன்று ஓட்டம் 60, 80, 90 சதவீத வேகத்தில். ஒவ்வொரு 30 விநாடிக்கும் ஒரு விசில். விசிலுக்கு ஐந்து விநாடி முன்பு இயல்பாக ஒரு மூச்சு இழுத்து, பெருமூச்சு விடுவது போல் தானாகப் போகும் அளவு மட்டும் வெளியே விட வேண்டும். வயிற்றை நெருக்கிப் பிழிந்து தள்ளக் கூடாது. வாய், மூக்கு இரண்டையும் மூடி, விசில் கேட்டதும் முழு வேகத்தில் 40 மீட்டர். கோட்டைத் தாண்டியதும் முதலில் மிச்சக் காற்றை ஊதிவிட்டு, அப்புறம் இழுக்க வேண்டும். மீதி நேரம் எதிர் முனையிலேயே நடந்து திரும்பி நின்று, அடுத்த விசிலுக்கு இந்தப் பக்கம் ஓடிவர வேண்டும்.

முதல் வாரம் ஒரு நாளைக்கு 6 ஓட்டம், 2 செட். அடுத்த வாரம் 8 ஓட்டம், 2 செட். மூன்றாம், நான்காம் வாரம் 8 ஓட்டம், 3 செட். செட்டுக்கு நடுவே 3 நிமிடம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும். இடையில் குறைந்தது 48 மணி நேரம். மறுநாள் மேட்ச் இருந்தால் தொடவே வேண்டாம். நான்கு வாரம் முடிந்து ஒரு வாரம் இளைப்பாறவிட்டுச் சோதியுங்கள். மறுநாளே சோதித்தால் களைப்பைத்தான் அளப்பீர்கள்.

ஸ்டாப்வாட்ச் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஒரு பையனின் சிறந்த நேரம் 5.60 விநாடி, 8 ஓட்டத்தின் கூட்டு நேரம் 47.0 என்று வையுங்கள். 5.60-ஐ 8-ஆல் பெருக்கினால் 44.8. 47.0-ஐ 44.8-ஆல் வகுத்தால் 1.049, அதாவது 4.9 சதவீதச் சரிவு. இந்த எண்ணை ஒவ்வொரு முறையும் நோட்டில் எழுதிவாருங்கள். குறைந்துகொண்டே வந்தால் பயிற்சி ஏறுகிறது. ஏதாவது ஓட்டம் 6.1 விநாடியைத் தாண்டினால் அவனுக்கு அந்த செட் முடிந்தது. அதற்கு மேல் ஓடவைப்பது வீரம் அல்ல, மெதுவாக ஓடக் கற்றுக்கொடுப்பது.

எங்கே கெடுகிறது? முதலாவது, விசில் வரும் பதற்றத்தில் பையன்கள் நெஞ்சு நிறைய இழுத்துவிடுவார்கள். தோள் தூக்கி நிற்பவனைப் பார்த்தாலே தெரியும். இரண்டாவது, 25 மீட்டரில் களவாக ஒரு மூச்சு இழுப்பது. அப்படி முட்டினால் தூரத்தை 30 மீட்டராகக் குறையுங்கள், மூச்சில் சமரசம் வேண்டாம். மூன்றாவது பயிற்சியாளர் செய்வது: ‘நல்லாத்தான ஓடுறான்’ என்று 60, 80 மீட்டராக நீட்டுவது. ஓட்டம் ஆறு விநாடி அளவிலேயே நிற்க வேண்டும்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தால் செட்டின் கடைசி ஓட்டம் முடிந்ததும் பாருங்கள். விரலுக்கு ரத்தம் வந்துசேர நேரமாகும் என்பதால் மிகக் குறைந்த எண் ஓடி முடித்த பத்து, இருபது விநாடி கழித்துத்தான் காட்டும். வியர்வையைத் துடைத்து, கையை ஆட்டாமல் வைக்கச் சொல்லுங்கள். 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் இறங்குவது இயல்பு. நெற்றிப்பொட்டில் வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். இந்த முறையில் அதிகம் வரும் தொல்லை அதுதான். இதய நோய், வலிப்பு, ஒற்றைத் தலைவலி, கட்டுக்குள் இல்லாத ஆஸ்துமா, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் காய்ச்சலில் இருந்து எழுந்தவர்களும் இதில் சேரக் கூடாது.

“400 மீட்டர் ஓடுகிறேன். போட்டிக்கு முன் இரண்டு வாரம் கொடைக்கானலில் தங்கி ஓடலாமா? அப்பா பணம் தருவதாகச் சொல்கிறார்.”
— கல்லூரி மாணவி, ராமநாதபுரம்

அப்பாவின் பணம் மிச்சமாகட்டும். மலையில் ரத்தச் சிவப்பணு கூட வேண்டுமென்றால் 2000–2500 மீட்டர் உயரத்தில், ஒரு நாளில் பாதிப்பொழுதுக்கு மேல் அங்கேயே இருந்து, குறைந்தது மூன்று வாரமாவது தங்க வேண்டும். கொடைக்கானல் சுமார் 2100 மீட்டர். உயரம் சரி, இரண்டு வாரம்தான் போதாது. முதல் சில நாள் தூக்கமும் பசியும் கெடும். குளிரில் தொடை இறுகும். முழு வேகத்தில் ஓடச் சமதளமும் எளிதில் கிடைக்காது. போட்டிக்கு முன் அந்த இரண்டு வாரத்தில் உங்களுக்கு வேண்டியது கூர்மையான வேகம். அதைத்தான் அங்கே இழப்பீர்கள்.

மலையில் ஓட்டம் வேகமாகும் என்ற பேச்சுக்கு அடிப்படை 1968 மெக்சிகோ சிட்டி ஒலிம்பிக். அந்த நகரம் ஏறக்குறைய நம் ஊட்டியின் உயரம், 2240 மீட்டர். அங்கே ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95 விநாடியிலும், லீ எவன்ஸ் உங்கள் 400 மீட்டரை 43.86 விநாடியிலும் ஓடினார்கள். பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார். ஆனால் 10,000 மீட்டரில் வென்றவருக்கே 29 நிமிடம் 27 விநாடி ஆனது. காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததால் வேக ஓட்டக்காரர்களுக்கு எதிர்ப்பு குறைந்தது. தூர ஓட்டக்காரர்களுக்கு ஆக்சிஜன் குறைந்தது. அது அங்கே ஓடியதன் லாபம், அங்கே பழகியதன் லாபம் அல்ல.

அதற்குப் பதிலாக ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் பெண்களுக்கு அது ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு காலியாக இருக்கலாம். அதனால் அந்தச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது மில்லிலிட்டருக்கு 30 நானோகிராமுக்குக் கீழே என்றால் மருத்துவரிடம் காட்டி, அவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுங்கள். ரத்தம் குறைந்த உடம்பில் எந்த ஆக்சிஜன் பயிற்சியும் ஏறாது. வாரத்தில் இரண்டு நாள் ஈரலோ சுவரொட்டியோ சாப்பிடலாம். முருங்கைக்கீரையோடு எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள், அது இரும்பைப் பிடித்து வெளியே தள்ளிவிடும்.

“ஆன்லைனில் ‘மலைக் காற்று மாஸ்க்’ விற்கிறார்கள். மாட்டிக்கொண்டு ஓடினால் 3000 மீட்டர் மலையில் ஓடுவது போலவா?”
— கால்பந்து வீரர், கீழக்கரை

இல்லை. மாஸ்க் காற்று வரும் துளையைச் சிறிதாக்குகிறது. உள்ளே வரும் காற்றில் ஆக்சிஜன் அதே 20.9 சதவீதம்தான். மூச்சிழுக்கும் தசைக்குக் கொஞ்சம் வேலை, விட்ட காற்றில் கொஞ்சத்தைத் திரும்ப இழுப்பது, அவ்வளவே. மூச்சு முட்டும் என்பது உண்மை; ஆனால் ‘முட்டுது, அதனால வேலை செய்யுது’ என்று எண்ணுவதில்தான் ஏமாற்றம். முட்டுகிற உணர்வு பெரும்பாலும் கரியமில வாயு கூடுவதால் வருவது, ஆக்சிஜன் குறைவதால் அல்ல. அந்தக் காசுக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.

“எங்க குடும்பம் சங்கு குளிக்கிற குடும்பம். அப்பா நிமிஷக்கணக்கா மூச்சடக்குவார். நானும் கடலுக்குள்ளயே மூச்சடக்கிப் பழகினா ஓட்டத்துக்கு உதவுமா?”
— வாசகர், ராமேஸ்வரம்

தம்பி, கடலுக்குள் வேண்டாம். இந்த ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறோம்.

உங்கள் அப்பாவின் திறமை வேறு வகை. அவர் நெஞ்சு நிறைய இழுத்து, இதயத் துடிப்பைத் தணித்து, அசைவைக் குறைத்து, இருக்கிற ஆக்சிஜனைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார். மூச்சடக்கும்போது மண்ணீரல் சுருங்கிக் கூடுதல் சிவப்பணுவை ரத்தத்தில் விடும். இந்தோனேசியாவின் பஜாவ் முக்குளிப்பவர்களுக்கு மண்ணீரல் பக்கத்து இனத்தாரைவிடப் பாதிப் பங்கு பெரிது என்று 2018-ல் கண்டறிந்தார்கள். ஓட்டக்காரருக்கோ நேர்மாறு: சிக்கனம் பார்க்காமல் கொட்டிச் செலவழித்து, சீக்கிரம் நிரப்பத் தெரிய வேண்டும். முக்குளிப்பு அதைக் கற்றுத்தராது.

ஆபத்து எங்கே என்றால், மேலே சொன்ன கரியமில வாயுவில். இறங்கும் முன் வேகவேகமாகப் பல மூச்சு இழுத்துவிட்டால் அந்த வாயு மட்டும் வெளியேறிவிடும். ஆக்சிஜன் அதிகம் கூடாது. கரியமில வாயு இல்லாததால் ‘மேலே வா’ என்று உடம்பு சொல்லாது. ஆழத்தில் நீரின் அழுத்தத்தால் ஆக்சிஜன் போதுவது போலத் தோன்றும். ஏறும்போது அழுத்தம் குறைந்து, கடைசி இரண்டு மூன்று மீட்டரில் சட்டென்று நினைவு தப்பும். எந்த முன்னறிவிப்பும் இராது. பல வருடம் முக்குளித்தவர்களையும், இடுப்பளவு நீச்சல் குளத்தில் இருப்பவர்களையும் இது விடுவதில்லை. தொண்டிக்காரருக்குச் சொன்ன மூச்சுப் பயிற்சியும் தரையில் மட்டும்தான். தலை சுற்றினால் மணலில் உட்காரலாம். தண்ணீரில் உட்கார இடமில்லை.

“டயர் கடையில் நைட்ரஜன் பிடிக்கிறார்களே, அந்த சிலிண்டரைத் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் திறந்துவிட்டு நடுவில் சைக்கிள் மிதித்தால் ஆக்சிஜன் குறையும்தானே?”
— வாசகர், ஏர்வாடி

குறையும். ஆளும் போய்விடுவார். நைட்ரஜனுக்கு வாசனையில்லை, எரிச்சலில்லை. கரியமில வாயு வழக்கம்போல் வெளியேறிக்கொண்டிருப்பதால் முட்டலும் இல்லை. ஏறக்குறையச் சுத்தமான நைட்ரஜனை இரண்டு மூன்று முறை இழுத்தாலே நினைவு தப்பிவிடும். காப்பாற்ற உள்ளே நுழைபவரும் அதே இடத்தில் விழுவார். முறையான பயிற்சி அறையில் ஆக்சிஜன் அளவுமானி, அளவு இறங்கினால் அலறும் மணி, கரியமில வாயுவை வெளியேற்றும் காற்றோட்டம், வெளியிலிருந்து பார்க்கும் ஆள் எல்லாம் இருக்கும். அங்கேயும் 13 சதவீதத்துக்குக் கீழே இறக்குவதில் லாபம் குறைவு, வேகம்தான் விழும். யோசனையை இதோடு விட்டுவிடுங்கள்.

“இப்படிப் பயிற்சி எடுப்பது ஊக்கமருந்து மாதிரி தடை செய்யப்பட்டதா?”
— வாசகி, தேவிபட்டினம்

இல்லை. ஆக்சிஜன் குறைந்த அறை, கூடாரம் பற்றி உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2006-ல் விவாதித்து, தடைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. சிவப்பணுவைக் கூட்டும் ஈ.பி.ஓ. ஊசி தடை செய்யப்பட்டது. அது வேறு கதை.

“அரியமான் கடற்கரையில் மணலில் ஸ்பிரின்ட் ஓடுகிறோம். வெயிலும் மணலும் சேர்ந்தால் ஆக்சிஜன் குறைவுக்கு ஈடாகுமா? எந்த நேரம் நல்லது?”
— இளைஞர் குழு, உச்சிப்புளி

ஈடாகாது, ஆனால் வெயிலுக்கென்று தனிப் பலன் உண்டு. பத்து முதல் பதினான்கு நாள் வெயிலில் மிதமாக ஓடினால் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை சீக்கிரம் தொடங்கும், இதயத்தின் பாரம் குறையும். இது மெது ஓட்டத்துக்கு. முழு வேக ஸ்பிரின்டை வெயிலில் வைக்காதீர்கள். நம் கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்க வழி இராது. ஸ்பிரின்ட் காலை ஐந்தரையிலிருந்து ஏழுக்குள், மெது ஓட்டம் மாலை நான்கரைக்கு என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், உப்பு போட்ட மோரோ நீராகாரமோ, இரண்டு மூன்று மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக.

காய்ந்த மணலில் கால் புதையும். உழைப்பு கூடும், வேகம் குறையும், கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வாங்கிக்கட்டிக்கொள்ளும். வேக ஓட்டத்துக்கு அலை நனைத்து இறுகிய மணல்தான் சரி. ஆனால் அது கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழுந்து இடுப்பும் முழங்காலும் வலிக்கும். ஒற்றைப்படை ஓட்டம் இந்தப் பக்கம், இரட்டைப்படை ஓட்டம் அந்தப் பக்கம் என்று மாற்றுங்கள். வெறுங்காலில் ஓடுவதாக இருந்தால் சிப்பி, தூண்டில் முள், வலைத் துண்டு இருக்கிறதா என்று முதலில் 40 மீட்டரையும் நடந்து பார்த்துவிடுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கம் தள்ளிவிடும், மறுபக்கம் பிடித்து இழுக்கும்; அப்போது நேரத்தை ஒவ்வொன்றாக ஒப்பிடாமல், போகவர இரண்டு ஓட்டத்தின் சராசரியை எடுத்து நோட்டில் எழுதுங்கள். மணலில் எடுத்த நேரத்தையும் பள்ளி மைதானத்தில் எடுத்த நேரத்தையும் ஒரே பக்கத்தில் எழுதாதீர்கள்.